போர்வை மேல் விழுந்த வெயில்

மாலை ஏழு இருபதுக்கு வெயில் அடிக்குமா?

சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த மொசெல்லுக்கு அது தெரியாதா என்ன... இங்கே வருஷம் முழுக்க ஏழு மணிக்குள் இருட்டிவிடும். ஆனாலும் 1971 நவம்பரின் அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுவதும், யூத ஜெபக்கூடத்தை ஒட்டிய வகுப்பறையில் தனியாக உட்கார்ந்து, அவள் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

எல்லாம் காலையில் வந்த அந்த மனிதனால்!

காலையில் ஒரே மழை. பிள்ளைகளுக்கு எபிரேய எழுத்து சொல்லிக்கொடுத்து முடித்து, நோட்டுப் புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு, குடையைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கியபடி வாசற்கதவைத் திறந்தாள். எதிரே தலைகுனிந்து ஓடி வந்தவன் நேராக அவள் மேல் மோதினான். நோட்டுகள் சேற்றில்!

"கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

"தெரியுதுங்க... உங்க குடைதான் தெரியல. அது முகத்த மறைக்கப் பிடிச்சதா, மழைக்குப் பிடிச்சதா?"

பதில் சொல்ல நிமிர்ந்தாள். நனைந்த இமைகளுக்குக் கீழே, காய்ச்சிய பேரீச்சம் பாகின் நிறத்தில் இரண்டு கண்கள்...

அவன் மண்டியிட்டு நோட்டுகளைப் பொறுக்கினான். ஒவ்வொன்றையும் தன் சட்டையில் துடைத்துக் கொடுத்தான். சட்டையே சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. துடைக்கத் துடைக்க ஈரம்தான் கூடியது.

"போதும், போதும்! துடைச்சே அழிச்சிடுவீங்க போல. யாரு நீங்க?"

"நிசிம். பினாங்குல இருந்து வரேன். ஃபெர்ரியில இன்ஜின் பாக்கறவன்." சட்டைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தான். "இத எழுதினவங்கள பாக்கணும்."

அது அவள் எழுதிக் கையெழுத்திட்ட அட்டை.

இறந்தவர்களின் நினைவு நாளை அந்தந்தக் குடும்பத்துக்கு அட்டையில் எழுதித் தெரிவிப்பது அவள் வேலை. அப்பா இருந்தவரை அந்த நாட்களைக் குறிக்கும் பேரேட்டை அவர் பார்த்துக்கொண்டார். அவர் போன பிறகு இரண்டு வருஷமாக அவள். வெளியூர்களுக்கும் அனுப்பலாமே என்று இந்த வருஷம்தான் அவளுக்குத் தோன்றியது. ஜெபக்கூடத்தின் உள்சுவரில் பித்தளைத் தகடுகள். தகட்டுக்கு ஒரு பெயர், பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பல்பு. அவரவர் நாளில் அவரவர் பல்பு எரியும்.

"எங்கப்பா செயில் சாமுவேல். நம்ம கிஸ்லேவ் மாசம் பதிமூணுன்னு எழுதியிருக்கீங்க. பன்னிரண்டுங்க. எங்கம்மா இருபத்தேழு வருஷமா பன்னிரண்டுக்குத்தான் விளக்கு ஏத்தறாங்க."

"பதிமூணுதான். செவ்வாய் சாயங்காலம் வாங்க."

"நாளைக்கு, திங்கள் சாயங்காலம். அதுக்குத்தான் லீவு போட்டுட்டு வந்திருக்கேன். பினாங்குல ஜெபத்துக்குப் பத்து ஆம்பளைங்க தேற மாட்டாங்க. பத்துப் பேரு இல்லாம செத்தவங்களுக்கான காதிஷ் ஜெபம் சொல்ல முடியாது. அம்மாவால எழுந்திரிக்க முடியல... ஒரு தடவையாவது அவர் பேருக்கு முன்னாடி நின்னு சொல்லிட்டு வாடான்னு அனுப்பினாங்க."

மொசெல் பேரேட்டை எடுத்து வந்து விரித்தாள். அப்பாவின் முத்து முத்தான கையெழுத்து. 'சைம் ரோடு முகாம், 28 நவம்பர் 1944, மாலை 7.20.' போர்க்காலத்தில் ஜப்பான்காரன் இங்குள்ள யூதர்களை அடைத்து வைத்த முகாம் அது.

"பாருங்க. நம்ம நாள் நடுராத்திரியில பிறக்கறதில்ல, சூரியன் மறைஞ்சதும் பிறந்துடுது. அன்னிக்குப் பகல் வரைக்கும் பன்னிரண்டு. ஏழு இருபதுன்னா இருட்டியாச்சு. அப்ப பதிமூணு பிறந்தாச்சு. கணக்கு சரிதானே?"

"கணக்கு சரிங்க. ஆனா அம்மா அப்போ அவர் பக்கத்துல உக்காந்திருந்தாங்க. முகாம் ஆஸ்பத்திரியில அரை மணி நேரம் விட்டாங்களாம். உயிர் போனப்ப போர்வை மேல வெயில் இருந்துச்சுன்னு சொல்வாங்க. வெயில் மெல்ல அவர் கை மேல ஏறிச்சாம்..."

"ஏழு இருபதுக்கு வெயிலா?"

"அப்போ அந்த ஏழு இருபதுதான் தப்பு. எழுதினவரு..."

"எழுதினது எங்கப்பா!" குரல் அவளை மீறி உயர்ந்தது. "அவர் கை ஒரு எழுத்து பிசகினதில்ல. துக்கத்துல இருந்தவங்களுக்கு எத்தனையோ தோணும்."

சொன்ன நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் கண்களில் இருந்த சிரிப்பு அணைந்து போயிருந்தது.

"எங்கம்மா பொய் சொல்ல மாட்டாங்க, டீச்சர். நாளைக்கு அவர் விளக்கு எரியுமா, எரியாதா?"

"பேரேட்டுல இருக்கற நாள்லதான் எரியும்."

"அப்ப எனக்கு இங்க வேலை இல்ல. எரியாத விளக்கு முன்னாடி நின்னுட்டுப் போய் அம்மா முகத்த எப்படிப் பாக்கறது? இன்னிக்கு ஆறு மணி ரயில்லயே கிளம்பறேன்."

மழைக்குள் இறங்கி நடந்தான். குடையை நீட்ட வேண்டும் போல் இருந்தது அவளுக்கு. நீட்டவில்லை... திமிர்!

அதிலிருந்து இந்த வெயில்தான் அவளைப் படுத்தியது. ஒன்று அந்த அம்மா சொல்வது பொய், இல்லை அப்பா எழுதியது தப்பு. இரண்டில் எதையும் அவள் மனம் ஏற்க மறுத்தது. ஈர நோட்டுகளைக் காயப் போட்டாள். ஒரு நோட்டில் அவன் விரல் ரேகை சேற்றோடு பதிந்திருந்தது. அதைத் துடைக்க மனம் வரவில்லை.

நாலரை மணிக்கு அலமாரியின் அடித்தட்டிலிருந்த தகரப் பெட்டியைத் திறந்தாள். அப்பா முகாமிலிருந்து கொண்டு வந்த உள்ளங்கை அளவு நோட்டு. அரிசி எவ்வளவு, யாருக்குக் காய்ச்சல் என்று பென்சில் குறிப்புகள். பக்கத்துக்குப் பக்கம் ஒரே மாதிரி ஒரு வரி: 'வெள்ளி. விளக்கேற்றம் 7.35.'

அடுத்த பக்கத்தைப் புரட்டப் போன விரல் நின்றது.

சனிக்கிழமை ஓய்வு நாளுக்கான விளக்கை வெள்ளியன்று சூரியன் மறைவதற்குப் பதினெட்டு நிமிஷம் முன்பே ஏற்றிவிட வேண்டும். மறைந்த பிறகு நெருப்பைத் தொடக்கூடாது. ஒரு நிமிஷம் தாமதமானால் அம்மாவிடம் வீட்டையே ரெண்டாக்கிக் கத்துகிற மனிதர் அப்பா. இந்த மாசத்தில் விளக்கேற்றுவது ஆறு மணி சுமாருக்கு. அவராவது, ஏழு முப்பத்தைந்துக்கு, இருட்டில், தீக்குச்சி உரசுவதாவது?

மாட்டார். செத்தாலும் மாட்டார். அப்படியானால் அந்த ஏழு முப்பத்தைந்துக்கு வெளிச்சம் இருந்திருக்கிறது!

பின்கட்டுக்கு ஓடினாள். ஜெபக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் சாலே மாமா கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். அவரும் முகாமில் இருந்தவர்தான்.

"மாமா! முகாம்ல கடிகாரம் யாரோடது?"

"யாரோடதா? ஜப்பான்காரனோடதுதான். வந்த உடனே ஊர்க் கடிகாரம் எல்லாத்தையும் டோக்கியோ நேரத்துக்குத் தள்ளி வெச்சிட்டான். ஒன்றரை மணி நேரம் முன்னாடி! எட்டு மணி வரைக்கும் வெயில் காயும்..."

"இத ஏன் மாமா இத்தனை நாளா சொல்லல?"

"நீ எங்கம்மா கேட்ட?"

அவள் அதற்குள் தெருவில் இருந்தாள். பின்னாலிருந்து அவர் கத்தினார்: "நாளைக்குப் பத்தாவது ஆளு காலையில நீ விரட்டின அந்தப் பினாங்குப் பையன்தான்! எண்ணிப் பாத்துட்டேன்... ஒண்ணு இல்ல, ரெண்டு இல்ல, ஒன்பது இல்ல! விட்டுடாத!"

மனிதர்களை நேராக எண்ணக்கூடாது என்று 'இல்ல' போட்டு எண்ணுவது மாமா வழக்கம்.

ரயில் நிலையத்துக்குள் மூச்சிரைக்க நுழைந்தபோது மழை விட்டிருந்தது. மூன்றாவது பெட்டியின் படியில் நின்றிருந்தான் நிசிம்.

"இறங்குங்க!"

"எதுக்கு? இன்னும் ஏதாவது பதிமூணு மிச்சம் இருக்கா?"

"எங்கப்பா தப்பா எழுதிட்டார்." சொல்லிவிட்டாள். வாழ்க்கையில் முதல் தடவை. கண் நிறைந்துவிட்டது. "முகாம்ல இருந்தவரைக்கும் சரியாத்தான் பாத்திருக்கார். வெளிய வந்து, முகாம் டாக்டர் எழுதின சீட்டைப் பாத்துப் பேரேட்டுல ஏத்தறப்ப, அந்தக் கடிகாரம் டோக்கியோ நேரம்னு மறந்துட்டார். உங்கம்மா சொன்னதுதான் சரி. அவங்கள அப்படிச் சொன்னதுக்கு... என்னை மன்னிச்சிடுங்க."

கையோடு கொண்டு வந்திருந்த அப்பாவின் முகாம் நோட்டைப் பிரித்துக் காட்டினாள். அவன் படித்தான். திரும்பவும் படித்தான். இன்ஜினில் கோளாறு எங்கே என்று கண்டுபிடித்தவனைப் போல மெல்லத் தலையசைத்தான்.

"அங்க பாருங்க," என்றாள்.

நிலையக் கடிகாரத்தில் ஐந்து ஐம்பது. மேற்கே மேகம் கிழிந்து, சாய்ந்த மஞ்சள் வெயில் நடைமேடையில் விழுந்திருந்தது. அவன் கம்பியைப் பிடித்திருந்த கை மேல் அது மெல்ல ஏறிக்கொண்டிருந்தது...

"இங்கிலீஷ் தேதியும் இன்னிக்கு அதே நவம்பர் இருபத்தெட்டுதான். இதே நேரம். இந்த வெயிலைத்தான் உங்கம்மா பாத்தாங்க."

அவன் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். ரயில் ஊதியது. பெட்டியை முதலில் கீழே வைத்தான். பிறகு இறங்கினான்.

திங்கள் மாலை. சூரியன் மறைந்ததும் சுவிட்சை அவனையே போடச் சொன்னாள். செயில் சாமுவேலின் பல்பு, ஒரு நாள் முன்னதாக, முதல் தடவையாகச் சரியான நாளில் எரிந்தது. அவள் மாடியில், பெண்களுக்கான பகுதியில் நின்றாள். பத்துப் பேர் நடுவிலிருந்து அவன் குரல் எழும்பி வந்தது. முதல் வரியில் தடுக்கியது, பிறகு நிமிர்ந்தது. முகமே பார்க்காத அப்பாவுக்கு ஒரு பிள்ளை சொல்லும் காதிஷ்... மொசெல் கம்பியழியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

எல்லோரும் போன பிறகு, வகுப்பறைக்கு வந்து நின்றான்.

"அம்மாவுக்குத் தந்தி கொடுத்துட்டேன். 'வெயில் உண்மை'ன்னு ரெண்டே வார்த்தை."

"நல்லது..." பேரேட்டைத் திறந்து, பேனா மூடியைத் திருகினாள். "அடுத்த வருஷம் அட்டை சரியா வரும்."

"அடுத்த வருஷம் அட்டைய தபால்ல அனுப்பாதீங்க."

"ஏன்?"

"கையிலயே குடுங்க."

"பினாங்கு வரைக்கும் வந்தா?"

"வேண்டாம். இங்க துறைமுகத்துலயும் இன்ஜின் இருக்கு, நான் வந்துடறேன்." அவன் காது நுனி சிவந்தது. "காலையில காபி குடுக்கறப்ப, கூடவே அட்டையையும் குடுத்துட்டா போதும்... மொசெல்."

டீச்சர் இல்லை. மொசெல்.

அவள் நிமிரவில்லை. நிமிர்ந்தால் அந்தக் கண்கள் இருக்குமே...

"காபி எனக்குச் சுமாராத்தான் வரும்," என்றாள் பேரேட்டைப் பார்த்து. "நேத்து படியில உங்களப் பாத்தப்ப, கணக்கு சொல்ல மட்டும் நான் ஓடி வரலன்னு தெரிஞ்சுபோச்சு. அந்த ரயில் போயிருந்தா... என்ன செஞ்சிருப்பேன்னு எனக்கே தெரியல, நிசிம்."

அவன் பேரேட்டின் மறு ஓரத்தைப் பிடித்துக்கொண்டான். அப்பாவின் வரியை அவள் அடிக்கவில்லை. அதன் கீழே, அதே போல் முத்து முத்தாக எழுதினாள்:

'முகாம் கடிகாரம் டோக்கியோ நேரம் 7.20. ஒன்றரை மணி கழித்தால் நம் நேரம் 5.50. அன்று சூரியன் மறைந்தது 6.25. ஆகவே நாள் கிஸ்லேவ் பன்னிரண்டு.'