பேச்சு நின்ற நேரம்

காலை 11.02. கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் கடைசித் தெருவில் இருக்கும் அந்த உருக்காலையில், ஒலிபெருக்கி ஒரு வாக்கியத்தின் நடுவே நின்றுபோனது.

பாதுகாப்பு வாரம். தலைக்கவசம் அணியுங்கள், கிரேனுக்குக் கீழே நிற்காதீர்கள் என்று ஐந்து மொழிகளில் அறிவிப்பு ஓடிக்கொண்டே இருந்தது. கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போனவர்கள், அது நின்ற பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார்கள்.

வருகைப் பதிவு நடக்கும் டைம் ஆபீசில் இருந்த ஏஞ்சலின் எழுந்து மரத்தடுப்புக்குப் பின்னால் போனாள். அங்கே இரும்பு அலமாரியில் ஆம்ப்ளிஃபயரும் அதன்மேல் சின்ன மீடியா பிளேயரும் இருந்தன. பிளேயரின் பின்பக்கத்தில் சொருகியிருக்க வேண்டிய மஞ்சள் பென் டிரைவைக் காணவில்லை.

அவள் போட்ட சத்தத்தில் முற்றத்தில் இருந்த பாதிப் பேர் ஓடிவந்தார்கள். போலீஸ் வரும்வரை ஒருவரையும் அவள் நகர விடவில்லை.

மதியம் 12.10. உதவி ஆய்வாளர் சுமலதாவும் ஏட்டு தௌஹீத்தும், ஒரு பெண் காவலர் உட்பட இரண்டு காவலர்களோடு ஜீப்பிலிருந்து இறங்கினார்கள்.

“ஒரு பென் டிரைவுக்கு நாம வரணுமா மேடம்? சந்தையில முந்நூறு ரூபாய்க்கு விக்கிறான்.”

“இந்த டிரைவுக்கு வரணும், தௌஹீத். ஒரு ஆளோட தலையெழுத்து அதுல இருக்குது.”

சுமலதா சொன்னது மிகையில்லை. போன வாரம் இதே ஆலையில் கிரேனின் இரும்புக் கயிறு அறுந்து, பழைய இரும்புச் சுமை கீழே விழுந்தது. சுஷாந்த் என்ற ஒடிசா இளைஞனின் கால் நசுங்கியது. கிரேன் ஓட்டிய ஆசீர்வாதத்தின் மேல் வழக்கு. அந்த வழக்கு சுமலதாவிடம்தான் இருந்தது. அளவுக்கு மேல் பாரம் ஏறினால் மணி அடித்து, கிரேன் தானாகவே நிற்க வேண்டும். மணியே அடிக்கவில்லை என்றார் ஆசீர்வாதம். மணி நன்றாகத்தான் இருந்தது, அவன்தான் எதையோ நோண்டிவிட்டான் என்றார் பராமரிப்புப் பிரிவின் தலைவர் சந்திரமோகன்.

யார் சொல்வது உண்மை என்பது கிரேனுக்கே தெரியும். எத்தனை டன் தூக்கியது, பாதுகாப்பை யார் அணைத்தது, எந்தச் சாவியால் அணைத்தது, எல்லாவற்றையும் அது குறித்துவைக்கும். ஆனால் அதன் நினைவகம் சிறியது. நிரம்பியதும் பழையதை அழித்துப் புதியதை எழுதும். அதனால் பாதுகாப்பு அதிகாரி பரத் இன்று காலை அந்தப் பதிவை நகலெடுத்துவிட்டு, நிறுத்திவைத்திருந்த கிரேனை ஓட்ட அனுமதி கொடுத்தார். இப்போது கிரேனில் பழைய பதிவு இல்லை. இருந்த ஒரே நகலும் மஞ்சள் டிரைவோடு போய்விட்டது.

மூன்று மணிக்கு விசாரணை அதிகாரி வருகிறார். பதிவு இல்லையென்றால் ஆசீர்வாதம் சொல்வதற்குச் சாட்சி இல்லை. வேலை போகும், சிறையும் கிடைக்கலாம்.

“அதைப் போய் ஏன் பாட்டுப் பெட்டியில சொருகி வெச்சீங்க?” சுமலதா பரத்தைக் கேட்டார்.

“ஆலைக்குள்ள அனுமதி இருக்கிறதே அந்த ஒரு டிரைவுக்குத்தான் மேடம். போன வருஷம் வைரஸ் வந்து ஃபர்னஸே ரெண்டு நாள் நின்னுபோச்சு. அதுலேர்ந்து கேட்ல தடவிப் பார்த்துதான் விடுறாங்க. அறிவிப்பு ஓடுற டிரைவுலயே நகலெடுத்து, திரும்ப சொருகிட்டேன். மூணு மணிக்கு எடுத்துக்கலாம்னு இருந்தேன்.”

“அது யாருக்கெல்லாம் தெரியும்?”

“எல்லாருக்கும். காலை மீட்டிங்கிலயே சொன்னேன்.”

மேலாளர் ராஜமாணிக்கம் குரலைத் தாழ்த்தினார். “மேடம், ஏஞ்சலின் ஆசீர்வாதத்தோட பொண்ணு. அப்பன் மாட்டிக்குவான்னு அவளே எடுத்திருப்பான்னு பேசிக்கிறாங்க. நான் சொல்லல.”

தாழ்வாரத்துக் கேமராவும் அதையேதான் சொன்னது. 9.38க்குப் பரத் டைம் ஆபீசுக்குள் நுழைந்து டிரைவைச் சொருகினார். அறிவிப்பு முதலிலிருந்து தொடங்கியது. 9.42க்கு வெளியே வந்தார். 10.24க்குச் சந்திரமோகன் உள்ளே போய், 10.29க்கு வெளியே வந்தார். அதன்பின் 11.02 வரை அந்தக் கதவு திறக்கவே இல்லை. அறைக்கு ஜன்னல் கிடையாது. உள்ளே இருந்தது ஏஞ்சலின் மட்டும்.

சுமலதா அவளைத் தனியாக உட்காரவைத்தார்.

“சந்திரமோகன் எதுக்கு வந்தாரு?”

“ஆம்ப்ளிஃபயர் ஃபேன் இரையுதுன்னாரு மேடம். தடுப்புக்குப் பின்னால போய்ப் பார்த்துட்டுப் போனாரு.”

“நீ கூடப் போனியா?”

“இல்ல. ஆனா அவரு போன பிறகும் ஸ்பீக்கர் பேசிக்கினேதான் இருந்துச்சு. அரை மணி நேரம்! பொய் சொல்லத் தெரிஞ்சிருந்தா, அவரு போனதும் நின்னுச்சுன்னு சொல்லியிருப்பேன்ல?” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நான் எடுக்கல மேடம். அந்த ரெக்கார்டுதான் எங்க நைனாவைக் காப்பாத்தும். அத நான் ஏன் எடுக்கப் போறேன்?”

பெண் காவலர் அவளைச் சோதித்தார். அறையையும் அலசியாகிவிட்டது. டிரைவ் கிடைக்கவில்லை.

சந்திரமோகன் நிதானமாகப் பதில் சொன்னார். “நான் 10.30லேர்ந்து முற்றத்துல, ஸ்பீக்கருக்கு நேர் கீழ நின்னுக்கினு இருந்தேன் மேடம். நாப்பது பேர் பார்த்திருக்காங்க. அது பேசுறத எல்லாருமா கேட்டோம். டிரைவ் இல்லாம எப்படி மேடம் பேசும்?”

அந்தக் கேள்விதான் எல்லோரையும் மடக்கிப்போட்டிருந்தது. பேச்சு கேட்கிறது என்றால் டிரைவ் இருக்கிறது.

சுமலதா மின்னணுப் பொறியியல் படித்துவிட்டுக் காவல்துறைக்கு வந்தவர். எதையும் திறந்து பார்க்கும் பழக்கம் இன்னும் விடவில்லை. தடுப்புக்குப் பின்னால் போய் பிளேயரைத் திருப்பிப் பார்த்தார்.

“தௌஹீத், ஜீப்ல பாட்டுக் கேக்குற டிரைவ் இருக்குல்ல? எடுத்துக்கினு வாங்க.”

பிளேயரில் ஒரு சினிமாப் பாட்டு ஓடத் தொடங்கியது. முற்றத்தில் சிலர் தாளம் போட்டார்கள். சுமலதா பென் டிரைவைப் பிடுங்கினார்.

பாட்டு நிற்கவில்லை.

“இன்னா மேடம் இது, பேய் மாதிரி!” என்றார் தௌஹீத்.

“பேய் இல்ல. மேல்தொட்டி. தெருக் குழாயில தண்ணி நின்னாலும் வீட்டுக் குழாய்ல வந்துக்கினே இருக்கும்ல? அதே மாதிரிதான் இதுவும். டிரைவ்லேர்ந்து சொட்டுச் சொட்டா வாங்கிப் பாடாது. முன்கூட்டியே கொஞ்சம் வாரித் தன் மெமரியில நிரப்பிக்கும். தொட்டியிலேர்ந்துதான் பாடும். குறையக் குறைய நிரப்பிக்கினே இருக்கும். டிரைவ் தேடும்போது ஒரு நொடி திணறுனாலும் நமக்குக் கேக்கக் கூடாதுன்னு இந்த ஏற்பாடு.”

எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். பாட்டு பல்லவியைத் தாண்டியது, சரணத்துக்குப் போனது, வரியின் நடுவில் நின்றது.

தௌஹீத் கடிகாரத்தைப் பார்த்தார். “ஒரு நிமிஷம் நாப்பது செகண்டு.”

சந்திரமோகனின் முகத்தில் ஒரு புன்னகை வந்து மறைந்தது. “ரெண்டு நிமிஷம்கூட இல்ல. நான் போய் அரை மணி நேரம் கழிச்சுதான் மேடம் நின்னுச்சு.”

சுமலதா மேசைமேல் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். மணி ஒன்றே முக்கால். மேலாளர், ஏஞ்சலின்மேல் புகார் எழுதலாமா என்று மெதுவாகக் கேட்டார்.

“ஏஞ்சலின், அந்த அறிவிப்பை யாரு ரெக்கார்டு பண்ணது?”

“பரத் சார் போன்ல மேடம். ஒவ்வொரு மொழிக்கும் ஒருத்தர் பேசினாங்க. சேர்த்து எனக்கு வாட்ஸப்புல அனுப்பினாரு. இன்னும் என் போன்ல கெடக்குது.”

“எவ்ளோ நேரம் ஓடும்?”

“ரெண்டு மணி நேரம்.”

“எத்தனை எம்.பி.?”

ஏஞ்சலின் போனைத் தடவினாள். “பதினாலு.”

“தௌஹீத், இப்போ பாடுச்சே, அந்தப் பாட்டு?”

ஏட்டு ஜீப்பிலிருந்த லேப்டாப்பில் பார்த்தார். “அஞ்சு நிமிஷப் பாட்டு மேடம். பன்னெண்டு எம்.பி.” சொல்லிவிட்டு அவரே புருவத்தை உயர்த்தினார். “அஞ்சு நிமிஷத்துக்குப் பன்னெண்டு. ரெண்டு மணி நேரத்துக்குப் பதினாலா?”

சுமலதா எழுந்துவிட்டார். “அந்தக் குரலை உங்க டிரைவ்ல ஏத்துங்க. சீக்கிரம்.”

2.08. ஒலிபெருக்கி மறுபடி பேசியது. சுமலதா ஒடியாப் பகுதிக்குத் தள்ளினார். ஒரு இளைஞனின் குரல், கொஞ்சம் வெட்கத்தோடு, எழுத்துக் கூட்டிப் படிப்பதுபோல் வந்தது.

“இது யாரு?”

“சுஷாந்த், மேடம்” என்றாள் ஏஞ்சலின். “அடிபடுறதுக்கு முன்னாடி பேசினது.”

2.10. சுமலதா டிரைவைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்து, எல்லோருக்கும் காட்டினார்.

“இப்ப யாரும் எங்கயும் போக வேணாம். கேளுங்க.”

இரண்டு நிமிடம் ஆனது. நிற்கவில்லை. ஐந்து நிமிடம் ஆனது. நிற்கவில்லை. மருத்துவமனையில் காலைத் தூக்கிக் கட்டிப் படுத்திருப்பவனின் குரல், கிரேனுக்குக் கீழே நிற்காதீர்கள் என்று தன் மொழியில் சொல்லிக்கொண்டே போனது. வாயிற்பக்கம், விசாரணைக்காக வந்திருந்த ஆசீர்வாதம் தலைகுனிந்து நின்றார். சந்திரமோகன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். தண்ணீர் குடிக்கப் போக வேண்டும் என்றார். ஒரு காவலர் அவரிடம் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தார்.

சுமலதா அறைக் கதவிலிருந்து முற்றம் வரை நடந்தார். திரும்பி வந்தார். மறுபடி நடந்தார். இடையில் ஒரு குறுகிய நடை. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் தகரம். சுவரில் தீயணைப்பு மணல் வாளிகள் நான்கு, பாதுகாப்பு வாரத்துக்காகப் புதுச் சிவப்புச் சாயத்தோடு தொங்கின.

ஒடியா முடிந்து வங்காளம் தொடங்கியது. தௌஹீத் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

2.43க்குப் பேச்சு, ஒரு சொல்லின் பாதியில், அறுந்தது.

“முப்பத்து மூணு நிமிஷம் மேடம்” என்றார் ஏட்டு.

“தொட்டி அதேதான்” என்றார் சுமலதா. “அதோட கொள்ளளவு எம்.பி. கணக்கு, நிமிஷக் கணக்கு இல்ல. பாட்டுல வாத்தியம், குரல், எல்லா நுணுக்கமும் இருக்குது. குழாயை முழுசாத் திறந்து விட்ட மாதிரி, ஒண்ணே முக்கால் நிமிஷத்துல தொட்டி காலி. இது வாட்ஸப்புக்காக ஒடுக்கி ஒடுக்கி வெச்ச பேச்சு. நூல் மாதிரி ஒழுகுது. அதே தொட்டி இருபது மடங்கு நேரம் தாங்குது. நாம எல்லாரும் பேச்சு நின்ன நேரத்தைத் திருட்டு நடந்த நேரம்னு நெனச்சோம். தப்பு அங்கதான். 11.02லேர்ந்து முப்பத்து மூணு நிமிஷத்தைக் கழிங்க.”

மேலாளர் வாய்க்குள் கணக்குப் போட்டார். “10.29.”

“பரத்தா இருக்க முடியாது. அவரு 9.42க்குப் போயிட்டாரு. அப்பவே பிடுங்கியிருந்தா பத்தேகாலுக்கே பேச்சு நின்னிருக்கும். 10.29க்கு வெளிய வந்தது ஒருத்தர்தான்.”

சந்திரமோகன் சிரிக்கப் பார்த்தார். “உள்ள அந்தப் பொண்ணும் இருந்துச்சே மேடம். நான் போன அடுத்த நிமிஷம் அவளே பிடுங்கியிருக்கலாமே?”

“பிடுங்கியிருக்கலாம். பிடுங்கியிருந்தா டிரைவ் அந்த அறையிலயே இருக்கணும். 11.02 வரைக்கும் அவ வெளிய வரல. அப்புறம் நாப்பது பேர் நடுவுல நின்னா. அறையில இல்ல, அவகிட்டயும் இல்ல. நீங்க பிடுங்குனீங்க. பிடுங்கியும் ஸ்பீக்கர் பேசுது. பயந்திருப்பீங்க. எந்த நிமிஷமும் நின்னுடும், நின்னா கையோட பிடிபடுவோம்னு தோணியிருக்கும். ஒரு நிமிஷத்துக்குள்ள முற்றத்துக் கேமராவுல தெரியுறீங்க. நடுவுல எந்தக் கேமராவுலயும் இல்லாத இடம் ஒண்ணுதான், அந்தக் குறுகுன நடை. தௌஹீத், அந்த வாளிங்களைக் கொட்டுங்க.”

முதல் வாளியில் மணல். இரண்டாவதிலும் மணல். மூன்றாவது வாளியைக் கவிழ்த்தபோது மணலோடு மஞ்சளாக ஒன்று விழுந்து உருண்டது.

சந்திரமோகன் ஒரு அடி பின்னால் போனார். அங்கே காவலர் நின்றிருந்தார்.

“மூணு மணிக்குள்ள ஃபர்னஸ்ல போட்டிருப்பீங்க. 11.02க்கு அப்புறம் ஒருத்தரையும் நகர விடாம பண்ணிட்டா ஏஞ்சலின். அவ போட்ட சத்தம்தான் இதைக் காப்பாத்துச்சு” என்றார் சுமலதா.

மணலை ஊதிவிட்டு டிரைவை லேப்டாப்பில் சொருகினார்கள். பதிவு திறந்தது. விபத்துக்கு இரண்டு நாள் முன்பு, கிரேனின் எடை வரம்பும் அதற்கான மணியும் அணைக்கப்பட்டிருந்தன. அணைத்த சாவி பராமரிப்புத் தலைவருடையது. அதற்குப் பிறகு கிரேன் வரம்பை மீறித் தூக்கியது ஒரு முறை அல்ல, பதினேழு முறை.

“ப்ரொடக்ஷன்... மேலேர்ந்து டன் கேட்டுக்கினே இருந்தாங்க” என்றார் சந்திரமோகன். யாரும் அவரைப் பார்க்கவில்லை. ராஜமாணிக்கம்கூட.

2.58. விசாரணை அதிகாரியின் கார் வாயிலில் திரும்பியது. ஏஞ்சலின் அப்பாவை நோக்கி ஓடினாள். ஆசீர்வாதம் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்தார். அவருக்கு அந்த எண்கள் புரிந்தன. புரிந்த பிறகும் முகம் தெளியவில்லை.

“மேடம், ஒரு போன் பண்ணிக்கட்டுமா? விசாரணைக்கு முன்னாடி?”

“வக்கீலுக்கா?”

“இல்ல மேடம். சுஷாந்துக்கு. நான்தான் அவன் மேல போட்டேன்னு ஒரு வாரமா நெனச்சிக்கினு படுத்திருக்கான்.”

சுமலதா தலையசைத்தார். ஆசீர்வாதம் ஓரமாகப் போய் நின்றார். மறுமுனையில் எடுத்ததும், தனக்குத் தெரிந்த நாலு இந்திச் சொற்களை வைத்துக்கொண்டு, “பேட்டா... கண்ட்டி பந்த் தா. மேரா கல்தி நஹி... கண்ட்டி பந்த் தா” என்றார். மகனே, மணி அணைந்திருந்தது, என் தப்பு இல்லை. அதையே மறுபடியும் சொன்னார். பிறகு பேச்சை நிறுத்திவிட்டு, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அவன் என்ன சொல்கிறான் என்று கேட்டபடியே நின்றார்.