எரியாத படகு

பிரிட்டா ஹாகன் உள்ளே வந்தும் உட்காரவில்லை. வலது கையில் முழங்கை வரை கட்டு. மின்னசோட்டாவின் ஜனவரிக் குளிர் அவள் கோட்டோடு அறைக்குள் வந்தது. தீ விபத்துகளை விசாரிக்கும் மாவட்ட அதிகாரி ஆர்வில் நைஸ்ட்ராம் ஒரு நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திவிட்டுக் காத்திருந்தார்.

"டுவேனை நான்தான் கொன்னேன்னு ஊரே பேசுது," என்றாள். "கடைக்குப் போனா மூஞ்சியத் திருப்பிக்கிறாங்க. அது போகட்டும். டுவேன் கடைசியாச் சொன்னதை மார்லிஸ்கிட்ட நான் சொல்லியாகணும். கட்டினவளுக்குத் தெரிய வேணாமா? என்னைப் பார்த்தா கதவையே திறக்க மாட்டேங்கறா."

"நடந்ததை மெதுவாச் சொல்லுங்க."

வெர்ன் என்பவரின் வீட்டோடு ஒட்டிய கார் ஷெட்டில் பட்டப்பகலில் தீ. வெர்ன் ஊரில் இல்லை. எங்கள் ஊர்த் தீயணைப்புப் படையில் சம்பளத்துக்கு ஆள் கிடையாது. அவரவர் வேலையை விட்டு ஓடி வரவேண்டும். முதல் வண்டியில் வந்தது மூன்றே பேர்: தலைவர் கார்டன் ட்வேட், டுவேன், பிரிட்டா. சமையலறையிலிருந்து ஷெட்டுக்குத் திறக்கும் கதவருகே டுவேனும் பிரிட்டாவும் குழாயோடு போய் நின்றார்கள். அதுதான் முறை. வீட்டுப் பக்கம் நின்றுகொண்டு தீயை வெளியே தள்ள வேண்டும்.

"கதவைத் திறந்து தண்ணி அடிச்சோம். தீ அடங்கிட்டு வந்துச்சு. திடீர்னு அத்தனையும் எங்க மேல திரும்பிடுச்சு. நெருப்பு, ஆவி, கொதிக்கிற தண்ணி. டுவேன்தான் முன்னாடி நின்னான். நான் இழுத்துட்டு வந்தேன், ஆர்வில். இழுத்துட்டுத்தான் வந்தேன்!" கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினாள். "குழாய்ல தண்ணி வர்றதுக்கு முந்தியே நான் கதவைத் திறந்துட்டேன்னு தலைவர் சொல்றாரு. அவர் சொன்னா ஊருக்கு அது வேதம்."

நைஸ்ட்ராம் தொப்பியை எடுத்துக்கொண்டார். அவருடைய புகைப்படக்காரன் லானி அதற்குள் காரைக் கிளப்பியிருந்தான். அவன் காமிராவும் ஓயாது, வாயும் ஓயாது.

தீயணைப்பு நிலையத்தில் கார்டன் இடது காலை இன்னொரு நாற்காலிமேல் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"எழுந்திரிக்காதீங்க தலைவரே," என்றான் லானி. "அந்த முட்டி மடங்காதுன்னு ஊருக்கே தெரியும். சர்ச்சுல கூட ஒத்தைக் காலைத்தானே மடக்குறீங்க!"

கார்டன் சிரிக்கவில்லை. "நான் பம்ப்பை விட்டு ஒரு அடி நகரல, ஆர்வில். முன்பக்கத்துலேர்ந்து யாரும் தண்ணி அடிக்கல. அப்புறம் வந்தவங்களும் சமையலறை வழியாத்தான் போனாங்க. பாவம், அந்தப் பொண்ணு பதறிட்டா. அவ்வளவுதான்."

டுவேனின் கோட்டையும் முகக்கவசத்தையும் அவரே எடுத்து வைத்தார். கவசம் நன்றாகத்தான் இருந்தது. கண்ணாடியிலும் கோட்டின் மார்பிலும் உருகி ஒட்டிய நீலத் துளிகள். நைஸ்ட்ராம் ஒன்றை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிளாஸ்டிக்.

வெர்னின் ஷெட்டில் கார் எலும்புக்கூடாக நின்றது. பெரிய கதவு மேலே தூக்கியபடியே இருந்தது. அதன் ஓரத்தில், இழுவை வண்டிமேல் ஓர் அலுமினியப் படகு. அது மட்டும் எரியவில்லை. உடம்பெல்லாம் கனத்த பனிக்கட்டி. மேலே போர்த்தியிருந்த உறையில் கயிற்றோரக் கிழிசல்கள்தான் மிச்சம். அவை நீலம்.

"லானி, வாசலைக் கொஞ்சம் பெருக்கு."

"படிச்சது என்ன, பண்றது என்ன!" என்று முனகியபடி லானி புதுப்பனியை விளக்குமாற்றால் தள்ளினான். அடியில் பாறைபோல் பனிக்கட்டி. நடுவே ஒரு குழி.

"அட, யாரோ குழாயோட மண்டி போட்டிருக்கான்! தெறிச்ச தண்ணி அவனைச் சுத்தி உறைஞ்சிருக்கு. ஆனா ஒரு முட்டிதான் இருக்கு. இன்னொரு காலு..." நேராக நீண்டு குதிகாலில் முடிந்த பள்ளத்தை அவன் கண் தொடர்ந்தது.

"படகு யாருது?" என்று கேட்டார் நைஸ்ட்ராம்.

"தலைவரோடது. குளிர்காலம் வந்தா வெர்ன்தான் இடம் குடுப்பான்." அதற்குமேல் லானி பேசவில்லை. அவன் வாய் மூடி எங்கள் ஊர் பார்த்தது அன்றுதான்.

மறுநாள் படையினர் எல்லாரும் நிலையத்தில் கூடினார்கள். நைஸ்ட்ராமே போய் மார்லிஸை அழைத்து வந்திருந்தார். அவள் பிரிட்டாவைப் பார்க்காமல் கதவோரம் நின்றாள்.

"ஒரே தீயை எதிரெதிரா நின்னு அடிக்கக் கூடாது," என்று தொடங்கினார் நைஸ்ட்ராம். "ஒருத்தன் தள்ளுற நெருப்பு இன்னொருத்தன் தலையில விழும். இங்க யாருக்கும் இது தெரியாம இல்ல. டுவேனோட மார்புல நீலப் பிளாஸ்டிக் ஒட்டியிருக்கு. அது வாசலோரம் இருந்த படகோட உறை. அவன் கையில இருந்த தண்ணி அதை வெளியதான் தள்ளும். அவன் மேலயே வந்து ஒட்டுச்சுன்னா, அவன் அங்க நிக்கும்போதே வாசல்லேர்ந்து யாரோ அடிச்சிருக்காங்க."

"யாரோ தானே?" என்றார் கார்டன்.

"வாசல்ல ஒரு முட்டி மடிச்சு, ஒரு கால் நீட்டி உட்கார்ந்த தடம் உறைஞ்சு கிடக்கு. தண்ணி போன இடம் படகு. வந்தது மூணு பேர். ரெண்டு பேர் உள்ள. பம்ப்பை விட்டு நகரலன்னு ஏன் சொன்னீங்க, கார்டன்?"

கார்டன் தன் காலைப் பார்த்தார். இத்தனை நாள் எங்களுக்குப் பாடம் எடுத்த மனிதர் அவர். வெட்கக்கேடு!

"ஒரே ஒரு நிமிஷம்," என்றார் கடைசியில். "உறை பத்திக்கிச்சு. கொஞ்சம் நனைச்சாப் போதும்னு நினைச்சேன். அவங்க இன்னும் கதவைத் திறந்திருக்க மாட்டாங்கன்னு..."

"நினைச்சீங்க," என்றாள் பிரிட்டா. "அப்புறம் பழியை என் தலையில கட்டுனீங்க. அதையும் நினைச்சுத்தானே செஞ்சீங்க?"

யாரும் அவர் பக்கம் நகரவில்லை.

மார்லிஸ் மெல்ல நடந்து வந்து பிரிட்டாவின் எதிரே நின்றாள். "கதவைத் திறக்காம இருந்துட்டேன்," என்றாள். "அவன் ஏதோ சொன்னான்னியே. என்ன சொன்னான்?"

இதைச் சொல்லத்தான் பிரிட்டா இத்தனை நாள் அலைந்தாள். இப்போது சொல்ல வாய் வரவில்லை.

"சொல்லு பிரிட்டா."

"கதவைத் திறக்கறதுக்கு முந்தி நான் தயங்கி நின்னேன். அவன் பார்த்துட்டான்." பிரிட்டா கார்டனைப் பார்க்காமலே சொன்னாள். "'பயப்படாதே, வெளியில தலைவர் இருக்காரு. அவர் பார்த்துக்குவாரு'ன்னான்."

மார்லிஸ் தலையை ஆட்டினாள். பிறகு டுவேனின் கோட்டை வாங்கிக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.