துருப் பிடிக்காத இடம்

வேன் முழுக்கத் துரு தின்றிருந்தது. கதவுகளின் அடிப்பகுதி விரலால் அழுத்தினாலே உதிர்ந்தது, சக்கரங்களுக்கு மேல் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி நின்றது, தரைத் தகரத்தில் விழுந்திருந்த ஓட்டைகள் வழியே ஷெட்டின் சிமெண்ட் தெரிந்தது. வண்டியின் பின்கோடியில், சாமான் போட்டு வைக்க அப்பா செய்திருந்த ஒரு நீள இரும்புப் பெட்டி இருந்தது. அதன் மேல் கிடந்த ரப்பர் விரிப்பை டிங்கர் உருவி எறிந்தபோதுதான் அதைப் பார்த்தான். மூடியின் நடுவில் ஓர் உள்ளங்கை அகலத்துக்குத் துரு இல்லை. பெயிண்டும் இல்லை. பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவர்கள் பிடித்துப் பிடித்துத் தேய்ந்த கம்பி மாதிரி அந்த இடம் மட்டும் பளபளவென்று இருந்தது.

இரும்பைப் பற்றி அவனுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறையில் அரை ஆயுளைக் கழித்தவன். அங்கே வைத்த ‘டிங்கர்’ என்ற பெயர் தெருவுக்கு வந்து, வீட்டுக்குள்ளும் நுழைந்து, இப்போது அக்காவே அவனை அப்படித்தான் கூப்பிடுகிறாள். தினமும் கை படுகிற இரும்பில் துரு ஏறாது. ஒரு மழைக்காலம் கை படாமல் கிடந்தால் போதும், ஏறிவிடும். அப்பா போய்ச் சேர்ந்து எத்தனையோ மழைக்காலம் ஆகிவிட்டது. இந்த வேன் கடைசியாக நகர்ந்தது அதற்கும் முன்னால். அப்படியானால் இங்கே வந்து கை வைத்தது யார்?

எலி படுத்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். எலி எங்கேயாவது உள்ளங்கை வடிவில் படுக்குமா என்று கேட்க அங்கே ஆள் இல்லை.

எந்தத் தகரம் தேறும், எது தேறாது என்று பார்க்க அவனிடம் ஒரு சின்னச் சுத்தியல் இருந்தது. நல்ல தகரம் கணீரென்று பேசும். உளுத்தது சொத்தென்று அடங்கிவிடும். பெட்டியின் மூடியைத் தட்டிப் பார்த்தான். கணீரென்றுதான் இருந்தது. சுத்தியலை எடுத்துக் கீழே வைத்த பிறகு இன்னொரு தடவையும் கணீரென்றது.

அவன் அசையாமல் நின்றான். அப்புறம் சிரித்துக்கொண்டான். காலையில்தான் பக்கத்திலிருந்த தரைத் தகரத்தை வெட்ட காஸ் நெருப்பு வைத்திருந்தான். சூடு ஆறும்போது தகரம் இப்படி எதையாவது முணுமுணுக்கும். பட்டறையில் புதிதாக வருகிறவர்களைப் பயமுறுத்த இதைவிட நல்ல சத்தம் கிடையாது.

அக்கா டம்ளரில் டீ கொண்டு வந்து கொடுத்தாள். வேனுக்குள் எட்டிப் பார்த்தாள்.

“பெட்டியைத் திறந்துட்டியா?”

“அது கடைசியிலதான். முதல்ல தரை, அப்புறம் கதவு.”

“அதை முதல்ல திறயேன்.”

“என்னக்கா, என் பொழப்பை எனக்கே சொல்லித் தர்றியா? தரை இல்லாத வண்டியில பெட்டியை வெச்சு என்ன பண்றது?”

ஆணி எது, திருகாணி எது என்று தெரியாத அக்காவுக்கு இந்தப் பெட்டி மேல் திடீரென்று என்ன அக்கறை என்று அவனுக்குப் புரியவில்லை. ஆனால் வேனைச் சரிசெய்யச் சொன்னதே அவள்தான் என்பதால் பேசாமல் டீயைக் குடித்தான்.

வருஷக்கணக்காக அவன் கெஞ்சிய விஷயம் அது. அம்மா செத்த வருஷம், மூன்று பேரை வைத்துக்கொண்டு சமாளிக்க முடியாமல், கடைக்குட்டியைத் தூரத்து மாமா ஒருவருக்கு அப்பா தத்துக் கொடுத்துவிட்டார். அப்போது சின்னவனுக்கு ஐந்து வயது, டிங்கருக்கு ஏழு. பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது தம்பி வீட்டில் இல்லை. அன்றைக்கு ராத்திரி வரை அழுதான். அதற்குப் பிறகு சின்னவன் வளர்ந்ததெல்லாம் அக்கா சொல்லித்தான் தெரியும். மாமா போன் பண்ணுவார். எப்போது பண்ணினாலும் டிங்கர் பட்டறையில் இருக்கிற நேரமாகப் பார்த்துத்தான் பண்ணுவார். சின்னவனுக்கு அம்மை போட்டது, பத்தாவது பாஸ் பண்ணியது, குரல் உடைந்தது, வேலை கிடைத்தது, ‘அண்ணன் எப்படி இருக்கான்’ என்று கேட்டது, எல்லாம் அக்கா வாயால் கேட்டதுதான். வருஷத்துக்கு ஒரு சட்டை தம்பிக்கென்று டிங்கர் எடுத்துக் கொடுப்பான். அந்தப் பக்கம் போகிறவர்களிடம் அக்கா கொடுத்தனுப்புவாள். போய்ப் பார்க்கலாம் என்று வாயெடுத்தால் மட்டும் ஏதாவது ஒன்று குறுக்கே வரும். அக்கா வீட்டைவிட்டு ஓர் இரவுகூட வெளியே தங்க மாட்டாள், சொந்தத்தில் கல்யாணமென்றாலும் சாவென்றாலும் சாயங்காலத்துக்குள் திரும்பிவிடுவாள். தனக்கென்று ஒரு கல்யாணமும் வேண்டாம் என்று இருந்துவிட்டாள்.

அப்படிப்பட்டவள் போன மாதம் தானாகவே வந்து ஷெட் சாவியை அவன் கையில் வைத்தாள். “அப்பா வண்டியைச் சரி பண்ணுடா. சின்னவனைப் பார்த்துட்டு வந்துடலாம்.” சந்தோஷத்தில் அவனுக்குக் கை கால் ஓடவில்லை.

அடுத்த சில நாட்கள் தரைக்குப் போயின. உளுத்ததை வெட்டி, நல்ல தகரத்தை அளந்து வளைத்து, ஓரம் பிடித்துப் பற்ற வைத்தான். ஷெட்டுக்குள் கருகிய பெயிண்ட் நாற்றமும் உப்புத்தாள் தூசியும் மழைக்கு முந்தைய புழுக்கமும் ஒன்றாகக் கலந்து நின்றன. வேலை நடக்கும்போது ஒன்றும் கேட்காது. கிரைண்டரை நிறுத்தி, காது மெல்லத் தெளியும்போது, பின்னால் எங்கோ தகரம் முணுமுணுக்கும். சூடு ஆறுகிறது என்று விட்டுவிடுவான்.

பிறகு ஒரு நாள் அவன் நெருப்பே வைக்கவில்லை. கதவுக்குப் பட்டி பூசிக் காய வைத்துவிட்டு, சத்தமில்லாமல் உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தான். வெளியே மழை தூறியது. எந்தத் தகரமும் சூடாக இல்லை.

டொக். டொக்.

கை நின்றது. அதுவும் நின்றது. கை மறுபடி தேய்த்தது. டொக்.

அன்றைக்குத்தான் பெட்டியைச் சரியாகப் பார்த்தான். கீல் இருந்த பக்கம் தவிர, மூடியைச் சுற்றிலும் ஓர் இடைவெளி விடாமல் பற்ற வைத்திருந்தார்கள். சாமான் பெட்டியை யாராவது மூடிப் பற்ற வைப்பார்களா? அதுவும் அந்த வெல்டிங், பார்க்கச் சகிக்கவில்லை. கோடு கோணலாக ஓடியிருந்தது, பொறி தெறித்துத் தெறித்து மூடியெல்லாம் இரும்பு மணிகள், பல இடங்களில் வெல்டிங் குச்சி ஒட்டிக்கொண்டு பிய்த்து எடுத்த வடு. அப்பாவுக்கு ஓரளவு நன்றாகவே பற்ற வைக்கத் தெரியும். இது நடுங்கிய கை செய்த வேலை.

“அக்கா, அப்பா ஏன் அந்தப் பெட்டியை இப்படி மூடி வெச்சார்?”

அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்த அக்கா திரும்பாமலே சொன்னாள். “திறந்து பாரு. தெரியும்.”

“உனக்குத் தெரியுமா, தெரியாதா?”

“நாளைக்குத் திறந்துடு. தள்ளிப் போடாதே.”

மறுநாள் மழை விடவே இல்லை. சாயங்காலமே ஷெட்டுக்குள் இருட்டிக்கொண்டு வந்தது. டிங்கர் விளக்கைப் போட்டு, கிரைண்டருக்கு வெட்டுகிற வட்டை மாட்டி, பெட்டியின் முன்னால் மண்டியிட்டான். பயமாகத்தான் இருந்தது. முப்பது வயதைத் தாண்டியவன் ஒரு பெட்டிக்குப் பயப்படுவதா என்று வெட்கமாகவும் இருந்தது. ஓர் ஓரத்தை வெட்டினான். பொறி பறந்து முழங்காலில் விழுந்தது. அடுத்த ஓரம். அதற்கு அடுத்தது. கீல் இருந்த பக்கத்தை விட்டுவிட்டான்.

செத்த எலி நாற்றத்தை எதிர்பார்த்து மூச்சைப் பிடித்திருந்தான். வெளியே வந்தது அதுவல்ல. தூங்கி எழுந்த குழந்தையின் தலை வாசனை.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

கிரைண்டர் ஓய்ந்து ஓய்ந்து நின்றது. கூரைத் தகரத்தில் மழை. செல்போனை எடுத்து, வெட்டிய பிளவின் மேல் வெளிச்சம் காட்டினான். மூடியின் உள்பக்கம் கொஞ்சம் தெரிந்தது. துரு இல்லை. ஒரு பொட்டுத் துரு இல்லை. தேய்த்துத் தேய்த்து, கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. கை படாத இரும்பு அப்படி இருக்காது.

பிளவுக்குள் ஏதோ நகர்ந்தது.

ஒரு விரல் வெளியே வந்தது. அறுத்த விளிம்பு இன்னும் சூடாகத்தான் இருந்தது. விரலுக்கு அது உறைக்கவில்லை. பிறகு இன்னொன்று. பிறகு நான்கும். குழந்தை விரல் இல்லை. கணுவில் முடி முளைத்த, வளர்ந்த ஆணின் விரல்கள். நகங்கள் தேய்ந்து மழுங்கியிருந்தன. அந்தப் பெட்டிக்குள் ஐந்து வயதுப் பிள்ளை முடங்கலாம். அதற்கு மேல் யாராலும் முடியாது.

“வளர்ந்துட்டான்ல?”

அக்கா பின்னால் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. நனைந்திருந்தாள். அவள் முகத்தில் பயம் இல்லை.

“யாருக்கா இது?”

“நான்தான் ஒளிஞ்சுக்கச் சொன்னேன். விளையாட்டுக்கு. அப்புறம் அடுப்புல ஏதோ வேலை வந்துச்சு. தேட மறந்துட்டேன்.” கடைக்குப் போய் வந்த கதையைச் சொல்வது போலச் சொன்னாள். “அப்பா திறந்தப்போ உடம்பு சில்லுனு இருந்துச்சு. மூச்சு இல்ல. ஆனா தட்டுறதை மட்டும் நிறுத்தல. அப்பா பயந்துட்டார். பத்த வெச்சிட்டார். நான்தான் விளக்கு பிடிச்சேன்.”

“மாமா?”

“எந்த மாமா?”

“போன் வந்துச்சுன்னு சொன்னியே. வேலை கிடைச்சுதுன்னு சொன்னியே. நான் எடுத்துக் கொடுத்த சட்டையெல்லாம்?”

அக்கா அவன் தலையில் கை வைத்தாள். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் வைப்பது போல. அவனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வளர்ந்த முகமே தெரியாத ஒரு தம்பிக்காக அவன் பட்ட பெருமை, ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது, இரவு படுக்கும்போது அவனோடு மனதுக்குள் பேசியது. எல்லாவற்றையும் இவள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். பார்த்துக்கொண்டே அடுத்த பொய்யைச் சமைத்துப் பரிமாறியிருக்கிறாள். பெற்றவளுக்கு மேலாக நம்பினானே.

“தினம் மூடி மேல கை வெச்சுக்கிட்டு உட்காரணும். உள்ள அவனும் அதே இடத்துல வெச்சுப்பான். அப்பத்தான் அடங்குவான். ஒரு நாள் விட்டா ராத்திரி பூரா தட்டுவான். நான் எங்கயாவது போனேனாடா? ஒரு இடம் பார்த்தேனா?” குரல் முதல் தடவையாக உடைந்தது. “கையைக் கொடு. நீதான்னு அவனுக்குத் தெரியட்டும்.”

கொடுத்திருக்கக் கூடாது. ஆனால் அக்கா சொல்லி அவன் எதைச் செய்யாமல் இருந்திருக்கிறான்? அவளே அவன் மணிக்கட்டைப் பிடித்து, பிளவை நோக்கிக் கொண்டு போனாள். விரல்கள் காற்றில் தேடின. கண்டன. மூடிக்கொண்டன.

சில்லென்று. கெட்டியாக.

அக்கா தன் கையை எடுத்துக்கொண்டாள். துணியில் துடைத்தாள்.

“இனிமே நீ பார்த்துக்கோ.”

“அக்கா.”

“எனக்கு நடுவுல தகரம் இருந்துச்சு. எப்ப வேணா கையை எடுத்துக்கலாம்.” கொஞ்சம் யோசித்தாள். “உன்னை விடமாட்டான்னு நினைக்கிறேன்.”

ஷெட் வாசலில் ஒரு பை இருந்தது. துணி அடைத்து, வாய் கட்டி. அதை அவன் கவனிக்கவே இல்லை. அக்கா குனிந்து எடுத்தாள். குடையை விரித்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

“அக்கா! அக்கா, நில்லு! அக்கா!”

செருப்புச் சத்தம் சேற்றில் சளக் சளக் என்று போனது. கேட் திறந்தது. மூடியது. வெளியிலிருந்து தாழ்ப்பாள் போட்டாள்.

இழுத்தான். முடியவில்லை. காலைப் பெட்டியில் உதைத்துக்கொண்டு இழுத்தான். பிடி இறுகவும் இல்லை, தளரவும் இல்லை. செல்போன் கீழே விழுந்து, வெளிச்சம் மேல்நோக்கி விழுந்தது. இடது கை கிரைண்டரைத் தேடியது. கரண்ட் இல்லை. சுத்தியல் எட்டவில்லை.

மூடி அசைந்தது.

உள்ளிருந்து. மெல்ல. கீல் முனகியது. இருட்டுக்குள் ஓர் ஆள் முழுசாக மடிந்து கிடந்தான். கால்கள் எங்கே, முதுகு எங்கே என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. மடிப்புகளுக்கு நடுவில் முகம். முகம் மட்டும் வளரவில்லை. ஐந்து வயது முகம். முன்பற்கள் இரண்டும் விழுந்திருந்தன. சிரித்தது.

“அண்ணா.”

குரல் ஆண் குரல்.

பிடித்த கையை விடாமலே, படுக்கையில் பக்கத்தில் வருகிறவனுக்கு இடம் விடுவது போல, சின்னவன் உள்ளே நகர்ந்து ஒதுங்கிப் படுத்தான்.