யாரும் பார்க்காத ஆட்டக்காரி

சர்வதேச இளையோர் ஹாக்கியில் மூன்று ஆட்டம் ஆடினால் போதும். நாலாம் நாள் அந்தப் பிள்ளையின் ஆட்டநிழல் விற்பனைக்கு வந்துவிடும். அவள் எந்தக் காலை முன்வைக்கிறாள், பந்தைத் தள்ளுமுன் எங்கே பார்க்கிறாள், களைத்தால் எந்தப் பக்கம் சாய்கிறாள் என்று மைதானத்தைச் சுற்றியிருக்கும் நுண்கண்கள் ஒன்றுவிடாமல் எடுத்துக்கொள்ளும். அதை ஆடுபொறியில் ஏற்றினால், மட்டை பிடித்த அந்த ஆளுயர எந்திரம் அச்சு அசல் அவளாகவே ஆடும். எந்த நாட்டுக்காரியும் தன் ஊரில் இருந்தபடியே அவளோடு ஆயிரம் முறை மோதிப் பார்க்கலாம்.

அதனால்தான் கோவில்பட்டி கனகமணி, வெளிநாட்டு இளையோர் போட்டிக்குப் போக மகள் செண்பகா நீட்டிய சம்மதக் கடிதத்தைத் தொடக்கூட இல்லை.

"எல்லாப் பிள்ளைகளும் போகுதும்மா. என்கூட ஆடுற ஜெனோவாவும் போறா. எனக்கு மட்டும் ஆசை இருக்காதா?"

"ஆசைப்பட்டுத்தாம்ட்டி நானும் போனேன். என்ன ஆச்சு?"

என்ன ஆனது என்பது ஊருக்கே தெரியும். பதினெட்டு வயதில் இளையோர் போட்டியில் ஐந்து கோல் அடித்தாள் கனகமணி. ஆட்டநிழல் என்ற சங்கதி புதிதாக வந்திருந்த காலம். பெரியவர்கள் அணிக்கு அவள் போனபோது, மட்டையை ஓங்குமுன்பே கோல்கீப்பர் சரியான பக்கம் சாய்ந்தாள். இரண்டே வருடத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த வயிற்றெரிச்சல் இன்றுவரை அடங்கவில்லை.

"உன்னைய எவளும் பார்க்கக் கூடாது. பார்க்காத ஆளை எப்படித் தடுப்பாளுக?"

பதினேழு வயதுப் பெண் அதற்கு மேல் என்ன பேசுவாள்? இரண்டு வேளை சாப்பிடாமல் கிடந்தாள், மூன்றாம் வேளை எழுந்து மட்டையை எடுத்தாள். மூடிக்கிடந்த ஒரு தீப்பெட்டி ஆபீஸைக் கனகமணி வாடகைக்குப் பிடித்து, உள்ளே செயற்கைப் புல் விரித்து, ஜன்னல்களுக்குத் தகரம் அடித்தாள். முடிவெட்டும் கடையில் காத்திருப்பவர்கூட பெனால்டி கார்னரைப் பற்றி அரைமணி நேரம் விளக்கம் கொடுக்கும் ஊர் அது. அந்த ஊரில் ஒருத்தி நாலு வருடம் யார் கண்ணிலும் படாமல் ஹாக்கி ஆடினாள். "பிள்ளையைப் பூட்டி வச்சு அடை காக்குதாளா?" என்று கேலி பேசினார்கள். கனகமணி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தகரத்துக்குள்ளே உலகமே இருந்தது. இன்றைக்கு நெதர்லாந்தின் தடுப்பாட்டக்காரி, நாளைக்கு அர்ஜென்டினாக்காரி என்று ஆட்டநிழல்களை மாற்றி மாற்றி ஏற்றினாள். பந்து பறிபோனால் பொத்தானை அழுத்தலாம், பொறி பழைய இடத்துக்குப் போய் நிற்கும், மறுபடி தொடங்கலாம். எந்த நிழலை எந்தப் பக்கம் ஏமாற்றினால் வழி கிடைக்கும் என்பது செண்பகாவின் உடம்பில் ஊறிப்போனது. கடைசியில் ஒரு நிழலாலும் அவளை நிறுத்த முடியவில்லை.

வெளிநாடு போன ஜெனோவாவோ, இரண்டாவது போட்டியிலேயே படுமோசமாகத் தோற்று, அழுது முகம் வீங்கத் திரும்பினாள். அவள் நிழலோடு பழகியவர்கள் அவளைப் பந்தைத் தொடவே விடவில்லை.

"பார்த்தியா? தோலை உரிச்சு அனுப்பியிருக்காளுக" என்றாள் கனகமணி. அடுத்தவள் பிள்ளை அழுததில் அவளுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. அசிங்கமான சந்தோஷம்தான், ஆனால் இருந்தது. ஜெனோவா மறுபடியும் போனாள், தோற்றாள், எதையாவது மாற்றிக்கொண்டு மறுபடியும் போனாள்.

தேசிய அணித் தேர்வும் இப்போது ஆடுபொறிகளோடுதான். செண்பகா பன்னிரண்டு நிழல்களையும் தாண்டினாள். அதற்கு முன்னால் யாரும் ஒன்பதைத் தாண்டியதில்லை. ஜெனோவா ஆறோடு தட்டுத்தடுமாறி அணிக்குள் நுழைந்தாள்.

முதல் ஆட்டம் புவனேஸ்வரத்தில், நெதர்லாந்தோடு. கனகமணி பார்வையாளர் வரிசையில் சேலை முந்தானையைக் கசக்கியபடி உட்கார்ந்திருந்தாள்.

செண்பகா முதல் பந்தை வாங்கி இடப்பக்கம் போக்குக்காட்டி வலப்பக்கம் திரும்பினாள். தடுப்பாட்டக்காரி வலப்பக்கமே நின்றிருந்தாள். இரண்டாவது முறையும் அப்படியே. மூன்றாவது முறை, செண்பகா திரும்புவதற்கு முன்பே பந்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கனகமணி இருக்கையை விட்டு எழுந்துவிட்டாள். எவன் படம் பிடித்தான்? தகரத்தில் ஓட்டை போட்டவன் எவன்?

இடைவேளையில் செண்பகாவை வெளியே உட்கார வைத்தார்கள். உள்ளே வந்த ஜெனோவா இரண்டு கோல் அடித்தாள்.

ஆட்டம் முடிந்ததும் அணியின் ஆட்டக் கணிப்பாளர் தேவநாதனை நடைபாதையில் மறித்தாள் கனகமணி.

"எம்பிள்ளை ஆட்டநிழலை எவனோ வித்திருக்கான் சார்!"

"இல்லக்கா. அவ நிழல் உலகத்துல எங்கயுமே கிடையாது. அவங்களுக்கு அது தேவைப்படல."

"அப்புறம் எப்படி?"

"தங்களோட நிழலைத் தாண்ட என்ன வழின்னு அந்த நெதர்லாந்துக்காரிகளுக்கே தெரியுமே. ஒளிச்சு வச்சு வளர்த்த பிள்ளைங்க எந்த நாடா இருந்தாலும் அந்த ஒரே வழியைத்தான் கத்துக்கிட்டு வருது. அந்த இடத்துல போய் நின்னா போதும்."

"ஜெனோவா? அவளைத்தான் உலகமே பார்த்திருக்கே!"

"அவளுக்கு ஏழு நிழல் இருக்குக்கா. ஒவ்வொரு தடவையும் அடி வாங்கி மாறி வந்திருக்கா, ஒண்ணுக்கொண்ணு ஒட்டவே இல்ல. எதை நம்பி நிக்கிறது?" தேவநாதன் தயங்கினார். "சின்ன வயசுல ஒரு தடவையாவது இளையோர் போட்டிக்கு அனுப்பியிருக்கலாம். இப்போ இருபத்தொண்ணு தாண்டிருச்சு. இனிமே சேர்க்க மாட்டாங்க."

நடைபாதைக் கோடியில் செண்பகா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கனகமணி பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தாள். சில்லென்று இருந்தது.

"அந்த நெதர்லாந்துப் பிள்ளை கிட்டத்துல வந்தப்ப மூச்சு வாங்குச்சும்மா. வேர்வை வாடை அடிச்சுச்சு. என் கண்ணையே பார்த்துச்சு. நம்ம பொறி எதுவும் என்னையப் பார்த்ததே இல்லையே. பயந்து போயிட்டேன்."

"அடுத்த ஆட்டத்துல சரியாயிரும்ட்டி."

"அடுத்த ஆட்டத்துல நான் இல்ல. சொல்லிட்டாங்க." செண்பகா கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். "ஜெனோவா சின்னப்பிள்ளையா இருக்கையிலேயே தோத்து முடிச்சுட்டா. யாரும் ஒண்ணும் சொல்லல. நான் இனி எங்கம்மா போய்த் தோக்குறது?"