உயிர்: ஒன்று

காலை 11.20. சங்கேத அறையின் உயிர்க் கணக்கு ஒன்றிலிருந்து பூஜ்யத்துக்கு இறங்க, அபாயச் சங்கு அலறியது. ஓடிப்போய்ப் பார்த்தார்கள். அறை வழக்கம்போல ஜில்லென்று இருந்தது. சங்கேத எழுத்தர் மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தார். கோட்டுப் பொத்தான் கழுத்துவரை பூட்டியிருந்தது. மஃப்ளரை விலக்கினால் கழுத்தில் கம்பித் தடம்.

நிலத்துக்கடியில் இருந்த அந்த ராணுவத் தளத்தில் நானூறு கேமராக்கள். ஈ பறந்தாலும் தெரியும் என்று பீற்றிக்கொள்வார் கண்காணிப்பு அதிகாரி, பட்டப்பெயர் கழுகு. எல்லா அறைகளின் சூட்டையும் கூட்டிக் குறைப்பது அவர்தான். ரகசியம் கருதி சங்கேத அறையில் மட்டும் கேமரா இல்லை. உடற்சூட்டைக் கொண்டு உயிரை எண்ணும் கருவி மட்டும் இருந்தது.

கதவுப் பதிவில் எழுத்தரைத் தவிர இரண்டே பேர். கழுகு 7.10க்கு உள்ளே, 7.25க்கு வெளியே. சமையல்கார அக்கா 11.00க்கு தினசரி டீயோடு உள்ளே. நாற்பது நொடியில் வெளியே. கழுகு போன பிறகும் திரையில் ‘உயிர்: ஒன்று’. பிணம் ஆறிக் கணக்கு இறங்க இருபது நிமிடம் ஆகும் என்றார் கழுகு. போன மாதம் கிடங்கு சரிந்து அக்காவின் தம்பி செத்திருந்தான். தளத்து அதிகாரிகள்மேல் இருந்த அந்த ஆத்திரத்தில்தான் கொன்றாள் என்று தளபதி முடிவு கட்டிவிட்டார். நாலு மணிக் கப்பலில் ஏற்றினால் அவளுக்குத் தூக்குதான்.

விசாரணை அதிகாரியான பெண்ணுக்கு மனசு ஒப்பவில்லை. சல்லடை என்று தளத்தில் அவளுக்குச் சும்மாவா பேர் வைத்தார்கள்? நடைவழிக் கேமராவில் அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். பயத்தில் வேர்த்திருக்கிறது என்றார் கழுகு. சல்லடை நேரே அக்காவிடம் போனாள்.

"எதுக்குக்கா முகத்தைத் துடைச்சீங்க?"

"உள்ள ஒரே வெக்கைம்மா, வேர்த்துக் கொட்டுச்சு. அவரு அசந்து தூங்குறாருன்னு நினைச்சு டீயை வெச்சுட்டு வந்துட்டேன்."

அடுத்து எழுத்தரின் படுக்கையைப் புரட்டினாள். ஓர் அறிக்கையின் நகல் கிடைத்தது.

மதியம் 3.10. தளபதி, கழுகு, அக்கா மூவரையும் திரைமுன் நிறுத்தினாள். காலியாக இருக்க வேண்டிய ஓர் அறைக்கு ‘உயிர்: ஒன்று’ என்று காட்டியது. தளபதியே போய்த் திறந்தார். நாற்காலியில் ஒரு கோட்டு, அதற்குள் வெந்நீர் கேன்.

"கருவிக்குத் தெரிஞ்சது சூடு மட்டும்தான் சார்," என்றாள் சல்லடை. "கேமரா வேர்வையைக் காட்டுச்சு, வெக்கையைக் காட்டல. அந்த வெக்கைல கோட்டும் மஃப்ளரும் போட்டுக்கிட்டு யாராவது வேலை பார்ப்பாங்களா? சூடு ஏறினதே அவர் செத்த பிறகுதான். ஏத்தினவர், எல்லா ரூம் சூட்டையும் கூட்டிக் குறைக்கிற இவர். அக்கா வர்ற நேரத்துக்கு அணையற மாதிரி வெச்சிருக்கார்."

சல்லடை அறிக்கையின் நகலைத் தளபதியிடம் நீட்டினாள். இந்தக் கருவி சூடான குழாயையும் உயிர் என்று எண்ணும் என எழுத்தர் கண்டுபிடித்திருந்தார். அந்த அறிக்கை எட்டு மணிக்குத் தலைமையகம் போக வேண்டியது. போயிருந்தால் கருவிக்குப் பொறுப்பான கழுகு மாட்டியிருப்பார். கிடங்கு சரிந்தபோது செத்தவர்களையும் சேர்த்து, திரை இரண்டு நாள் ‘உயிர்: மூன்று’ என்றே காட்டிக்கொண்டிருந்ததாம்.

அக்கா மெதுவாகக் கேட்டாள். "அப்ப என் தம்பி எப்பம்மா போனான்?"

பொய் சொல்லத்தான் நினைத்தாள் சல்லடை. முடியவில்லை.

"அறிக்கைப்படி முதல் நாள் சாயங்காலம் வரைக்கும் இருந்திருக்கான்கா. வேகமா தோண்டியிருந்தா எடுத்திருக்கலாம்."

அக்கா அழவில்லை. தளபதியைப் பார்த்தாள்.

"திரையைப் பார்த்துட்டு, அவசரமில்ல, எல்லாரும் சாப்பிட்டு வந்து தோண்டுங்கன்னு சொன்னீங்க. அன்னிக்கு உங்களுக்குச் சோறு போட்டது நான்தான்."