தொண்ணூற்றெட்டுப் புள்ளி நான்கு

புரொஜெக்டருக்குக் குளிரூட்டும் குழாயைப் பொருத்திச் சரியாகப் பதினொரு நாள் ஆகியிருந்தது. பீப்பாய்த் தண்ணீரின் சூடு தொண்ணூற்றெட்டுப் புள்ளி நான்கு டிகிரி ஃபாரன்ஹீட். காலையில், விளக்கை ஏற்றும் முன்பும், அதே அளவுதான். நல்ல நிலையிலுள்ள மனித உடம்பின் சூடு.

சேதுராமன் வெப்பமானியை உதறி மறுபடி நனைத்தான். மாறவில்லை.

இந்தக் காஜா பெராங் சினிமாக் கொட்டகையில் பழைய படச்சுருள் விளக்கின் அனலில் பற்றி, மூத்த ஆபரேட்டர் மாணிக்கவாசகம் புரொஜெக்டர் அறைக்குள்ளேயே கருகிய பிறகுதான் முதலாளி இந்த ஏற்பாட்டுக்கு இசைந்தார். சுருள் ஓடும் சட்டத்தைச் சுற்றிச் செப்புக்குழல். ஒரு ரப்பர் குழாய் பீப்பாய்த் தண்ணீரை ஏற்றும்; இன்னொன்று சூடேறியதைத் திருப்பிக் கொண்டுவரும். எல்லாவற்றையும் பொருத்தியவன், அவருக்குக் கீழே வேலை பார்த்து இப்போது அவர் இடத்துக்கு வந்துவிட்ட சேதுராமன். கதவு அனலில் இறுகிவிட்டது என்று விசாரணையில் சொன்னவனும் அவன்தான்.

மெர்டேக்கா வாரம், நாட்டின் விடுதலைக் கொண்டாட்டம். மூன்று மணி ஆட்டம். கீழே நானூறு பேரின் சிரிப்பும், பம்பின் முனகலும், சன்னல் வழியே ஏறிவந்த கச்சாங் பூத்தே வறுகடலை வாசமும் கலந்த அந்த வெக்கையில், திரும்பிவரும் குழாயிலிருந்து மட்டும் பொசுங்கிய மயிரும் கெட்டுப்போன கொழுப்பும் சேர்ந்த ஒரு வாடை வந்து அவன் தொண்டையில் படிந்தது. நான்கு முறை தண்ணீரை மாற்றிவிட்டான். மத்தியானத்துக்குள் மறுபடி சாம்பல் நிறம், மேலே எண்ணெய்ப் பொட்டுகள். காலையில் குழாயைச் சுத்தம் செய்ய விரலை விட்டபோது உட்புறம் கன்னத்தின் உட்சதைபோல வழவழத்தது. பிறகு விரலைக் கவ்வியது. மூன்று தடவை சோப்புப் போட்டும் பிசுக்கு போகவில்லை.

கதவு திறந்தது. பூங்காவனம். மாணிக்கவாசகத்தின் மனைவி, இப்போது பெண்கள் பக்கம் டிக்கெட் கிழிப்பவள். கையில் கோப்பி.

"என்னா தம்பி, மத்தியானமும் சாப்புடலியாமே? நாட்டுக்கே விடுதலை வந்திருச்சு, ஒன் வயித்துக்கு மட்டும் வரலியா?"

"பசிக்கலக்கா."

"அவரும் இப்படித்தான். சுருள் ஓடறப்ப பச்சத் தண்ணி குடிக்க மாட்டாரு." மூக்கைச் சுளித்தாள். "எலி கிலி செத்துக் கெடக்கா?"

"தொடாதீங்கக்கா!"

விளக்கு அணையாமலிருக்க அதன் கரிக்குச்சிகளை அவன் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். கையை எடுக்க முடியவில்லை. அவள் பீப்பாயின் மூடியைத் தூக்கினாள்.

பாலின் மேல் ஆடை படிவதுபோல் ஏதோ படிந்திருந்தது. இரண்டு விரலால் எடுத்தாள். கிழியவில்லை. முழுதாக வந்தது. சொட்டியது. அதில் மயிர்க்கால்கள் இருந்தன. ஓரத்தில் வட்டமாக ஒரு தழும்பு.

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவள் முகம் சுளிக்கவில்லை. உள்ளங்கையில் விரித்துத் தழும்பை வருடினாள். ஒருமுறை. இன்னொருமுறை.

"அம்மைக்கு ஊசி குத்துன எடம். அவரு எடது தோள்ல."

பம்பு முனகியது. கீழே சிரித்தார்கள்.

"கொதிக்கலியே தம்பி. நல்ல ஒடம்புச் சூடா இருக்கு."

அவள் கையில் கிடந்த தோல் சிலிர்த்தது. ஓரங்கள் மெல்ல எழுந்தன. அவள் கட்டைவிரலைச் சுற்றி வளைந்தன. இறுக்கின.

"அன்னிக்கு அந்தக் கதவு ஏன் தம்பி தொறக்கல?"

"இறுகலக்கா," என்றான் சேதுராமன். "நான்தான் வெளிய தாழ்ப்பாளப் போட்டேன். அவரு உள்ளேருந்து தட்டிக்கிட்டேதான் இருந்தாரு."