சீட்டு மட்டும் இருக்கிறது

கட்டில் கிறீச்சிடுவது நின்றுவிட்டது. மகள் குதிப்பது நிற்கவில்லை.

அடுத்த அறையின் கதவிடுக்கில் அந்த ரெட்டைச் சடை மேலும் கீழும் போய்வந்தது, சிரிப்பும் கூடவே ஏறி இறங்கியது. மத்தியானத்திலிருந்து உயிரை வாங்கிய பழைய ஸ்பிரிங்கின் சத்தத்தை மட்டும் காணோம். ஆறிப்போன காபி வாசனையும் லேப்டாப்பின் சூடும் அறையை அடைத்துக்கிடந்தன. தொலையட்டும், காதுக்கு நிம்மதி என்று அம்மா திரைக்குத் திரும்பினாள்.

எல்லாம் அவளே இழுத்துவிட்ட வினைதான். அவள் வேலை பார்ப்பது வீடியோ கேம் செய்யும் கம்பெனியில். ஒரு சிறுமிப் பாத்திரம் வேண்டுமென்றார்கள். தன் மகளையே நடுவில் நிற்கவைத்து, சுற்றிலும் கேமரா வைத்து, பல் முதல் நகம் வரை படம்பிடித்து, மலை மாதிரி வந்த கோப்பை எல்லோரும் சேர்ந்து வேலை செய்யும் பொதுக் கோப்புக் களஞ்சியத்தில் அப்படியே தூக்கிப் போட்டாள். அன்றிலிருந்து யார் களஞ்சியத்தை நகல் எடுத்தாலும் நாள் முழுக்க இழுத்தது. ஆபீஸில் அவள் தலைதான் உருண்டது.

காலையில் மேனேஜர் போனில் காய்ச்சி எடுத்துவிட்டார்.

“இன்னைக்குள்ள அந்தச் சனியனைத் தூக்கிக் கிடங்குல போடுங்க. இல்லேன்னா நாளைக்கு வரவே வேண்டாம்.”

“சனியனா? அது என் பொண்ணு சார்.”

“ஃபைலும்மா, ஃபைல்!”

கிடங்கு என்பது பெரிய கோப்புகளுக்கென்றே இருக்கும் தனி சர்வர். அசல் அங்கே போய்விடும். களஞ்சியத்தில் அதே பெயரில், அதே இடத்தில் ஒரு சின்னச் சீட்டு நிற்கும், அசல் கிடங்கில் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு. பழைய பதிவுகள் அத்தனையிலும் அசலை உருவிவிட்டுச் சீட்டைச் செருகினாள். கையிலிருக்கும் நகல்களை அழித்துவிட்டுப் புதிதாக எடுக்கும்படி எல்லோருக்கும் சொன்னாள். கடைசியாகத் தன் லேப்டாப்பில் இருந்ததையும் துடைத்தாள். ஸ்பிரிங் அடங்கியது அப்போதுதான்.

போன் அடித்தது. மேனேஜர்தான்.

“என்னம்மா பண்ணி வச்சிருக்கீங்க? சீட்டு இருக்கு. கிடங்குல அசலைக் காணோமே!”

அவள் கிடங்கைத் திறந்து பார்த்தாள். அசலைக் கிடங்கில் ஏற்றவே இல்லை. ஏற்றாமலே துடைத்துவிட்டாள்.

“யார்கிட்டயாவது பழைய காப்பி இருக்குமா சார்?”

“நீங்கதானே அழிக்கச் சொன்னீங்க! எல்லாரும் அழிச்சாச்சு.”

அடுத்த அறையில் சிரிப்பும் நின்றது.

“பாப்பா?”

கதவு திறந்தது. மகள் வந்தாள். காலடிச் சத்தம் இல்லை. வியர்வை வாசனை இல்லை. அதே சடை. அதே கவுன். அம்மா ஓடிப்போய் வாரித் தூக்கினாள். கனமே இல்லை. கொடியில் காயும் துணியை எடுத்த மாதிரி இருந்தது.

“அம்மா, என்னை எங்க வச்ச?”

கேட்ட வாய் மூடவில்லை. உள்ளே பல் இல்லை. நாக்கு இல்லை. அடியில், வெகு கீழே, கவுனின் உள்தையல் தெரிந்தது.